பரங்கிப் பூவும் பிஞ்சும்

மார்கழித் திங்களில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களின் வைகறைத் தெருக்கள் காண்பதற்கு இனியவை. வாயிலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, அதன் நடுவே சாண உருண்டையில் மஞ்சள் நிறப் பரங்கிப் பூவைச் செருகி வைப்பர். கொடியில் பூப் பறித்து வரும் பணி பெரும்பாலும் வீட்டுச் சிறுவர் சிறுமியருடையது. "பிஞ்சுள்ள பூவைத் தொடாதே" என்று பாட்டிமார் எச்சரித்து அனுப்புவர். அவ்வெச்சரிக்கையில் தாவர நூற்பாடம் ஒன்று அடங்கியுள்ளது. அதனை ஏட்டில் கற்பதினும் கொடியருகே குந்தியிருந்து கற்பது எளிது.

பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூ நீண்டு மெலிந்த காம்பின்மேல் நிற்கும். அதன் நடுவில் மஞ்சட்பொடி படிந்த தண்டு ஒன்று உண்டு. அப்பொடியே மகரந்தம். பெண்பூவின் அடியிலோ, இதழ் விரியுமுன்னரே உருண்டையான சிறு பிஞ்சு அமைந்திருக்கும். நாள்தோறும் காலையில் இருவகைப் பூக்களையும் தனித்தனியே எண்ணிக் குறித்து வரும் சிறுவர், ஆண்பூவே மிகுதி என்பதைச் சில நாட்களில் தாமே காண்பர். கோலத்திற்குச் சில ஆண்பூக்களைப் பறிப்பதால் காய் குறையாது என்னும் பாட்டியின் கணக்கு அப்போது விளங்கும். எனினும் கொடியை மொட்டையாக்கிவிடலாகாது. ஆண்பூ ஒன்றும் எஞ்சாவிடின் வண்டும் தேனீயும் எதனைச் சுமந்து செல்லும்?

கொடி வளர்ப்போர் பலருக்கும் தெரிந்த துன்பம் ஒன்றுண்டு. ஆசையோடு பார்த்திருந்த பிஞ்சு மஞ்சளித்து வெம்பி உதிர்ந்துவிடும். சிலர் அதனைக் கண்ணேறு என்பர். மகரந்தம் சேராமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை வீட்டிலேயே சோதித்து அறியலாம். மறுநாள் மலரக்கூடிய பெண்மொட்டுகள் இரண்டையும் ஆண்மொட்டு ஒன்றையும் மாலையில் தேர்ந்து, மெல்லிய துணியால் தளரக் கட்டிவிட வேண்டும். நுனி மஞ்சள் நிறங்கொண்ட மொட்டே மறுநாள் மலரும். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, பெண்பூ ஒன்றன் சூல்முடியில் மகரந்தத்தை மெல்லத் தடவி, மீண்டும் துணியைக் கட்ட வேண்டும். மற்றைப் பெண்பூவைத் தொடாது விட வேண்டும். நண்பகலுக்குள் பூ வாடிவிடுமாதலால் காலந்தாழ்த்தலாகாது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முதற்பிஞ்சு பருப்பதையும் மற்றையது வெம்புவதையும் காணலாம்.

ஒரு காய் வீணாகிறதே என்று தாய் முகஞ்சுளிக்கக்கூடும், குழம்புக்குரிய காயல்லவா! ஆயினும் ஓரிணைப் பூவோடு சோதனையை நிறுத்துதல் தகாது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் காய் பிடித்தாலும் கொடி தானே சில பிஞ்சுகளை உதிர்க்கும். ஆதலின் நான்கைந்து இணைகளிலேனும் பார்த்த பின்னரே முடிவு கூற வேண்டும்.

முற்றிய காயைப் பறித்ததும் அரிவாள்மணையைத் தேட வேண்டியதில்லை. அதனை முதலில் நீர் நிறைந்த தொட்டியில் இடலாம். ஐந்து கிலோ எடையுள்ள காயும் மிதக்கும். அதன் காரணத்தைச் சிறுவர் ஊகித்துச் சொன்ன பிறகு காயைப் பிளந்தால், உள்ளிருக்கும் வெற்றிடம் விடை கூறும். பின்னர் விதைகளைக் கழுவிப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ண வேண்டும். ஒரு விதை உண்டாக ஒரு மகரந்தத் துகள் வேண்டும். எனவே முந்நூறு விதைகள் இருப்பின், முந்நூறு துகள்களேனும் அந்த ஒரு காலைப்பொழுதில் அப்பூவை வந்தடைந்தன என்பது பொருள். ஒருபுறம் சூம்பிய காய் கிடைத்தால் அதனையும் எறியாது பிளந்து பார்க்கலாம். சூம்பிய பக்கத்தில் விதை குறைந்திருப்பதுண்டு.

விதையொன்றை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால் அதன் அச்சுப் பதியும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும், அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளிலும் கிடைக்கும் கடற்சிப்பிகளின் பதிவுகளும் இவ்வாறே சேற்றில் பதிந்து இறுகியவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பகுதி கடலடியில் இருந்தது.

பரங்கியும் இம்மண்ணுக்குத் தொலைவிலிருந்து வந்ததே. அதன் இனத்துக்குத் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுக் குகையொன்றில் கிடைத்த இவ்வினத்து விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையன. கொலம்பசு 1492-இல் அக்கண்டத்தை அடைந்த பின்னரே இது கடல் கடந்து பரவியது. பரங்கியர் என்னும் பெயர் காயின் பெயரிலும் நிலைத்துள்ளது.

எண்ணி முடித்த விதைகளுள் ஒரு பகுதி வறுத்துத் தின்னப்படும். எஞ்சியவற்றைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, அடுத்த பட்டத்துக்கென்று பாட்டி எடுத்து வைப்பாள்.