திரையில் வரும் எண்ணைப் படியுங்கள்!



மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் நம் கடைகளில் ஒரே பரபரப்புதான். ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்ய உட்கார்ந்தால் பக்கம் திறக்காது. "சர்வர் டவுன்" என்பார் ஒருவர். "நெட் இல்லை" என்பார் இன்னொருவர். "கம்ப்யூட்டரே பழசு" என்பார் மூன்றாமவர். இவை மூன்றும் வேறு வேறு நோய்கள்; மருந்தும் வேறு. எது என்று தெரியாமல் காத்திருந்தால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி ஏதும் இல்லாத கணக்குக்கு 20 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு.

சரக்கு வந்து சேரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? பார்ட்டி அனுப்பினாரா, லாரி ஆபீசில் நிற்கிறதா, நம் குடோனில்தான் இறக்கி வைத்திருக்கிறார்களா என்று வரிசையாக விசாரிக்கிறோம். கம்ப்யூட்டரிலும் அதே விசாரணைதான். குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரௌசர்கள் கோளாறு எங்கே என்பதைத் தாங்களே திரையில் எழுதிக் காட்டுகின்றன. நாம்தான் படிக்காமல் மூடிவிடுகிறோம்.

முதல் இலக்கம் சொல்லும் சேதி

திரையில் மூன்று இலக்க எண் வந்தால் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4-இல் தொடங்கினால் நாம் கேட்ட விதத்தில் ஏதோ கோளாறு. 404 என்றால் அந்த முகவரியில் அப்படி ஒரு பக்கம் இல்லை. 401, 403 என்றால் நமக்கு அனுமதி இல்லை. பெரும்பாலும் லாகின் நேரம் முடிந்திருக்கும். வெளியே வந்து மறுபடி லாகின் செய்தால் சரியாகலாம். 5-இல் தொடங்கினால் (500, 502, 503, 504) கோளாறு அவர்கள் பக்கம். மோடத்தை அணைத்துப் போடுவதில் பயனில்லை; பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணே வராமல் "நோ இன்டர்நெட்" என்று டைனோசர் படம் வந்தால் கோளாறு நம் கடையில். மோடம், ஒயர், ரீசார்ஜ் இவற்றைப் பாருங்கள். "டைம்டு அவுட்" என்று வந்தால் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் வழியில் கோளாறு. பௌர்ணமி கிரிவலம், தீபத் திருவிழா நாட்களில் செல்போன் நெட்டை நம்பி இ-வே பில் போடும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அந்த நாட்களுக்கு முன்னதாகவே வேலையை முடித்துவிடுவது நலம்.

தேதி தவறினால் கதவு திறக்காது

"யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்" என்று ஒரு செய்தி வருவதுண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் தேதியிட்ட சான்றிதழ் உண்டு. நம் கம்ப்யூட்டரில் பழைய தேதி ஓடினால் அந்தச் சான்றிதழ் பிரௌசருக்குச் செல்லாததாகத் தெரியும். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற கடைகளில் இது சகஜம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பழையபடி ஓடிவிடும். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் போதும். புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஆனால் தேதி சரியாக இருந்தும் பேங்க் தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் மேலே போகாதீர்கள்.

பட்டன் அசையாவிட்டால்

பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்காவிட்டால் முதலில் கண்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமில் தனி ஜன்னல் திறக்கும். அதில் வேலை நடந்தால் நம் பிரௌசரில் தேங்கிய பழைய தகவலோ, இடையில் சேர்த்த எக்ஸ்டென்ஷனோதான் காரணம். அதிலும் நடக்காவிட்டால் எஃப் 12 விசையை அழுத்தி, "நெட்வொர்க்" என்ற இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பட்டனை மறுபடி அழுத்துங்கள். சிவப்பாக வரும் வரியில் மேலே சொன்ன மூன்று இலக்க எண் இருக்கும்.

பணம் கட்டும் பட்டனுக்கு மட்டும் இது கூடாது. கணக்கில் பணம் பிடித்திருந்தால் இரண்டாம் முறை அழுத்தாமல் சலான் ஹிஸ்டரியைப் பாருங்கள். பணம் ஏறாவிட்டால் பி.எம்.டி.-07 படிவத்தில் முறையிடலாம்.

விண்டோஸ் 7 வைத்திருப்போர் கவனிக்க: அதில் ஓடும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு, 2023-இலிருந்து புதியது வருவதில்லை. உங்கள் பதிப்பு எது என்பதை "ஹெல்ப்", "அபவுட்" என்ற இடத்தில் பார்க்கலாம். பயர்பாக்ஸில் ஹெல்ப் பகுதியிலுள்ள "மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" எல்லா விவரத்தையும் ஒரே பக்கத்தில் தரும்.

சான்று முக்கியம்

அரசுத் தளமே படுத்துவிடுவதும் உண்டு. 2018 பிப்ரவரி 1 அன்று இ-வே பில் தொடங்கிய நாளிலேயே தளம் திணறியது; திட்டம் ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போனது. 2025 ஜனவரியில் ஜி.எஸ்.டி. தளம் முடங்கியபோது ஜி.எஸ்.டி.ஆர்.-1-க்கு 13-ஆம் தேதி வரையும், மாதாந்திர 3பி-க்கு 22-ஆம் தேதி வரையும் அவகாசம் தந்தார்கள். ஆனால் நம் கடைக் கோளாறுக்கு யாரும் தேதி நீட்டிக்க மாட்டார்கள்.

ஆகவே 5-இல் தொடங்கும் எண் வந்தால், கம்ப்யூட்டரின் தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் அதை இணைத்துப் புகார் எண் வாங்குங்கள். உதவிக்கு 1800-103-4786. "வேலை செய்யவில்லை" என்ற புகாரை விட, "இத்தனை மணிக்கு, இந்தப் பக்கத்தில், 503 வந்தது" என்ற புகாருக்கு மதிப்பு அதிகம். உங்கள் ஆடிட்டருக்கும் வேலை சுலபம்.

ஓர் எச்சரிக்கை

"கஸ்டமர் கேர்" என்று போனில் பேசுபவர் சொன்னதை எஃப் 12 திரையில் டைப் செய்யாதீர்கள். அங்கே சேமிக்கும் பைலில் உங்கள் லாகின் விவரம் இருக்கக்கூடும், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியையும் அறியாதவருக்காகப் போடாதீர்கள். ஏமாந்து பணம் போனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி, நேரம், வந்த எண், எப்படிச் சரியானது என்று நான்கே கட்டம் போதும். மூன்று மாதத்தில் உங்கள் கடைப் பையனே பாதிக் கோளாறுகளைத் தீர்த்துவிடுவான். பேரேட்டை நாமே படிக்கிறோம். திரையில் வருவதையும் நாமே படிப்போம்.