கித்துள் பாணியோடு கடற்பாசி

நோன்பு மாதம் நெருங்கினால் கண்டிக் கடைகளிலும் அக்குறணைப் பக்கத்திலும் சைனா கிராஸ் பைக்கற்றுகள் முன்வரிசைக்கு வந்துவிடும். பிரித்துக் கையில் எடுத்தால் கனமே தெரியாத வெள்ளை இழைகள். நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் பக்கத்தில், ரோஸ் நிறத்திலும் பச்சையிலும் டயமண்ட் துண்டுகளாக வெட்டி வைக்கும் கடற்பாசி இதில்தான் செய்யப்படுகிறது. பெருநாள் முடிந்தால் பல வீடுகள் அதை மறந்துவிடுகின்றன. அப்படி மறக்கக்கூடாத பண்டம் இது. அதிலும் கண்டிக்காரர் கைவசம் இதற்கு வாய்ப்பான இரண்டு பொருட்கள் உண்டு: கித்துளும் தேங்காய்ப்பாலும்.

கடையில் வாங்கும் ஜெலி பெரும்பாலும் ஜெலட்டினில் உறைவது. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கப்படுவது. ஹலால் பார்ப்பவரும், வெள்ளிக்கிழமை விரதகாரரும், போயாவன்று மாமிசம் தொடாத சிங்கள அயலவரும் ஒரே வீட்டு மேசையில் கூடுகிற ஊர் கண்டி. கடலில் வளரும் செம்பாசியிலிருந்து வரும் சைனா கிராஸை அவர்களில் எவரும் தயங்காமல் சாப்பிடலாம்.

வெயிலுக்கும் இதுவே தோது. ஜெலட்டின் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸிலேயே இளகிவிடும். சைனா கிராஸ் 40 பாகைக்குக் கீழே இறங்கும்போது உறையும். உறைந்தபின் 85 பாகை வரை அசையாது. இந்தக் குணத்தை ஆய்வுகூடத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் சமையல் தெரிந்த ஒரு பெண். ஜெர்மனியில் கிருமி ஆய்வாளர் ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பணிசெய்த வால்தர் ஹெஸ்ஸ, ஜெலட்டினில் கிருமி வளர்க்கப் பார்த்தார். கோடையில் அது உருகி ஓடியது. மனைவி ஃபானி ஹெஸ்ஸவின் புட்டிங்குகளோ அந்தச் சூட்டிலும் குலையவில்லை. அவற்றை உறையவைத்தது சைனா கிராஸ், அதாவது அகார்; ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சு அயலவரிடம் அவர் பழகிய பொருள் அது. ஃபானி சொல்லி, 1881இல் அகார் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தது. இன்றும் உலகெங்கும் கிருமி வளர்க்கும் தட்டுகளில் இருப்பது நம் அடுப்படிக் கடற்பாசியின் சரக்குத்தான்.

செய்முறைக்கு வருவோம். 10 கிராம் சைனா கிராஸை நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழியுங்கள். 800 மில்லிலீற்றர் தண்ணீரில் அதைப் போட்டு, ஒரு துண்டு றம்பையும் இரண்டு ஏலக்காயும் தட்டிச் சேர்த்து அடுப்பில் வையுங்கள். அவசரம் கூடாத இடம் இது. தண்ணீர் கொதித்தவுடன் கரைந்துவிட்டது போலத் தோன்றும். அகப்பையைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி போன்ற மெல்லிய இழைகள் அதில் தொங்கும். அவை ஒன்றுமில்லாமல் போகும்வரை சிறு தீயில் கிளறவேண்டும். இழை மிஞ்சினால் உறைந்த பிறகு நாக்கில் தட்டும். கண்டி 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 98 பாகையளவில் கொதிக்கும்; கரைவதற்கு அது தாராளம்.

இனிப்புக்கு 150 கிராம் கித்துள் கருப்பட்டியைச் சீவிப் போடுங்கள். கித்துள் பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சினால் பாணி. இன்னும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. கண்டியைச் சுற்றிய மலைக்கிராமங்களில் இன்றும் இந்தத் தொழில் நடக்கிறது. சீனி கலந்த சரக்கு சந்தையில் ஏராளம் என்பதால், தெரிந்த கையிடம் வாங்குவதே நல்லது. அசல் கருப்பட்டியில் லேசான புகைவாசம் இருக்கும். அந்த வாசத்துக்கு முன்னால் ரோஸ் எசன்ஸும் கலரும் எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கருப்பட்டி கரைந்ததும் வடிகட்டி, மறுபடி சூடாக்குங்கள். 200 மில்லிலீற்றர் முதற்பாலை ஒரு சிட்டிகை உப்புடன் வேறாக இளஞ்சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகே ஊற்றவேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் பட்ட இடத்தில் உடனே கட்டிபிடிக்கும். ஒரு தரம் கலக்கி, தட்டில் வார்த்து, அசைக்காமல் விட்டுவிடுங்கள். பாலின் கொழுப்பு மெல்ல மேலே மிதந்து வரும்; கருப்பட்டி நீர் கீழே தங்கும். அரை மணி நேரத்தில், மேலே வெளிர்ப்பாலும் கீழே பழுப்பும் படிந்திருக்கும். பர்மாக்காரர் செய்யும் தேங்காய்ப்பால் ஜெலியிலும் இரண்டு அடுக்கு வருவது இப்படித்தான்.

பழம் சேர்க்க விரும்பினால் பாலை விட்டுவிட்டு, சீனியில் செய்யுங்கள். பச்சை அன்னாசியும் பப்பாசியும் ஜெலட்டினை உறையவிடா. சைனா கிராஸை அவை ஒன்றும் செய்யா. தேசிக்காய்ச் சாற்றை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விடுங்கள். புளியோடு சேர்த்துக் கொதித்தால் உறையும் பலம் குறைந்துவிடும்.

வெட்டிய துண்டுகளின் மேல் கஜுவைத் தூவி, ஒரு கரண்டி கித்துள் பாணி விட்டுக் கொடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் மறுநாளைக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும். வைத்திருக்கும்போது ஓரங்களில் கொஞ்சம் நீர் கசியும். அது கெட்டதற்கு அடையாளம் அல்ல, வடித்துவிட்டால் போதும். பால் சேர்க்காத கடற்பாசி சரியாக உறையாவிட்டால் கொட்டிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் சைனா கிராஸை ஊறவைத்துக் கரைத்து, அதையே மீண்டும் கொதிக்கவிட்டு ஊற்றலாம்.