சந்திக்க விடும் ஊர், சேர்ந்து வாழ விடாத ஊர்

1930ஆம் ஆண்டு விஜயதசமியையொட்டி, பெங்களூரில் பாட்டி வீட்டில் உட்கார்ந்து ஆர்.கே. நாராயண் தன் முதல் நாவலைத் தொடங்கினார். அப்போது அவர் மனக்கண்ணில் வந்து நின்றது ஒரு சின்ன ரயில் நிலையம். அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் மால்குடி. அந்த முதல் நாவல், கிரகாம் கிரீன் எடுத்த முயற்சியால் 1935இல் லண்டனில் வெளியான ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’, பள்ளிப் பிள்ளைகளின் கதை. பிற்பாடு ஷங்கர் நாக் ஆகும்பேயில் படமாக்கிய தொலைக்காட்சித் தொடரின் இனிமையும் சேர்ந்துகொள்ள, மால்குடி என்றதும் காதல் நம் நினைவுக்கு வருவதே இல்லை. ஆனால் அந்த ஊரை நாராயண் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பது அவருடைய காதல் நாவல்களில்தான் முழுதாகத் தெரிகிறது. சிறுநகரத்துக் காதல் கதை என்றால் பேருந்துப் பயணத்தில் படித்துவிட்டு மறந்துபோகிற சரக்கு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. கிராமத்தில் முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் சந்தித்துப் பழக வழியே இல்லை. பெருநகரத்தில் யார் யாரைச் சந்தித்தாலும் பெரும்பாலும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிறுநகரம் மட்டும் சந்திக்க விடும், சேர்ந்து வாழ விடாது. அந்த இடைவெளிதான் இந்த வகை நாவலின் விளைநிலம். அதில் நம் சமூகம் இயங்கும் விதம் வேறெந்தக் கதையிலும் காணக் கிடைக்காத அளவுக்குத் துலங்குகிறது.

1937இல் வந்த ‘தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ நாவலில் சந்திரன், சரயு நதிக்கரையில் மாலதியைப் பார்க்கிறான். நதிக்கரை பொது இடம், பார்ப்பதற்குத் தடை இல்லை. அதற்கு மேல் ஓரடி எடுத்துவைத்தால் ஜாதகம் குறுக்கே வருகிறது: செவ்வாய் தோஷம். மாலதிக்கு வேறொருவருடன் கல்யாணம் நடக்கிறது; சந்திரன் ஊரை விட்டு ஓடிக் காவி உடுத்துகிறான். இதில் வில்லன் என்று ஒருவனும் இல்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் கெட்டவர்கள் அல்லர்; வழக்கப்படி செய்கிறார்கள், அவ்வளவுதான். நாராயணுக்கு இது கற்பனை அல்ல. 1933இல் கோயம்புத்தூரில் அவர் ராஜத்தைக் கண்டு விரும்பியபோது அவர் ஜாதகமும் பொருந்தவில்லை. அந்தத் தடையைத் தாண்டித்தான் கல்யாணம் நடந்தது. 1939இல் ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். தனக்குக் கிடைத்த சம்மதத்தைத் தன் கதாநாயகனுக்கு அவர் கொடுக்கவில்லை. அப்படிச் சம்மதம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த வகையில் அவருடைய முழுமையான படைப்பு 1976இல் வந்த ‘தி பெயின்டர் ஆஃப் சைன்ஸ்’. ராமன் கல்லூரியில் படித்தவன், பகுத்தறிவு பேசுகிறவன், கடைகளுக்கும் வக்கீல்களுக்கும் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறான். எல்லம்மன் தெருவில் வயதான அத்தையுடன் குடியிருக்கிறான். குடும்பக் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை பார்க்கும் டெய்சி தன் அலுவலகத்துக்குப் பலகை எழுதித் தரச் சொல்கிறாள். பிறகு கிராமம் கிராமமாகச் சுவரில் பிரசார வாசகம் எழுத அவனைக் கூட்டிச் செல்கிறாள். இவர்களைச் சேர்த்துவைப்பது தொழில். எல்லா வீட்டு வாசலுக்கும் போகிற தொழில் அவனுடையது, எல்லா ஊருக்கும் போகிற தொழில் அவளுடையது. மாட்டுவண்டியில் திரும்பும் இரவில் அவன் அத்துமீற முயல்கிறான். அவள் தப்பி ஓடி மரத்தில் ஏறி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். காதல் நாவலில் கதாநாயகனுடைய இந்தக் கேவலத்தை மறைக்காமல் எழுதியதற்காகவே நாராயணை நான் மதிக்கிறேன். பெண் பார்க்கும் சடங்கை எதிர்த்து வீட்டை விட்டு வந்தவள் டெய்சி. மனம் இளகிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்போதும் நிபந்தனை போடுகிறாள்: குழந்தை கூடாது, என் வேலையில் குறுக்கிடக் கூடாது. சந்தனுவுக்குக் கங்கை விதித்த நிபந்தனையை ராமனே நினைத்துக்கொள்கிறான். அத்தை சண்டை போடவில்லை, காசிக்குப் புறப்பட்டுவிடுகிறாள். கடைசியில் டெய்சியும் வேலையைத் தேடி வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். மிரட்டலோ கொலையோ இல்லாமல், ஒருவர் மாற்றி ஒருவர் விலகிப் போவதாலேயே ஒரு காதல் முடிந்துவிடுகிறது. கதை நடக்கும் காலம் 1972. நாவல் வெளிவந்தபோது நாட்டில் நெருக்கடி நிலை. ஓர் ஆணும் பெண்ணும் எத்தனை பிள்ளை பெற வேண்டும் என்பதை அரசே சுவரில் எழுதிவைத்த காலத்தில், இருவருக்கு நடுவே மட்டும் இருக்கும் விஷயம் என்று காதலைச் சொல்லிவிட முடியாது என்பதை இந்த நாவல் காட்டிவிட்டது.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மால்குடி மெத்தென்ற ஊர். அங்கே சாதி வலிக்காது, ரத்தம் சிந்தாது. நாராயணின் உலகம் நாட்டின் துன்பத்திலிருந்து ஒதுங்கி நிற்கிறது என்ற பொருளில் எழுத்தாளர் வி.எஸ். நைபாலும் 1977இல் குறை சொன்னார். இதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மால்குடியின் பார்வை மேல்சாதித் தெருவிலிருந்து விழும் பார்வை. எல்லை தாண்டியவர்களுக்கு அங்கே கிடைக்கும் தண்டனை மனவருத்தம்தான். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைப் பக்கத்தில் வைத்தால் விடுபட்டது என்ன என்று விளங்கும். சோடாக்கடைத் தொழிலுக்காகத் தோலூருக்குப் போன குமரேசன், அங்கே சரோஜாவைக் காதலித்து மணந்துகொண்டு தன் ஊருக்கு அழைத்து வருகிறான். நாவல் எந்தச் சாதியின் பெயரையும் சொல்வதில்லை, ஆனால் ஊர் முழுக்க அவளிடம் கேட்பது அந்த ஒரே கேள்வியைத்தான். முடிவில் அவள் பதுங்கியிருக்கும் புதரைச் சுற்றித் தீ எழுகிறது. இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலுக்குப் போன முதல் தமிழ் நாவல் அது. ஆனால் ‘பூக்குழி’ என் வாதத்தை உடைக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. அந்தக் காதல் பிறந்தது தோலூர் என்ற சிறுநகரத்தில். பிழைப்புக்காக வந்தவனுக்கு ஒண்டக் கிடைத்த இடம் அதைப் பிறக்க விட்டது. எரித்தது கிராமம். மால்குடிக்கும் இதற்கும் ஒரே விதிதான், தண்டனையின் அளவுதான் வேறு.

கன்னடத்தில் திரிவேணியை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1963இல் முப்பத்தைந்து வயதுக்குள் இறந்துபோன அவர், பெண்களின் மனதை நுணுகி எழுதியவர். அவருடைய ‘பெள்ளி மோட’ நாவலைப் புட்டண்ண கணகால் 1967இல் படமாக்கினார். ஒரே மகளான இந்திராவின் சொத்தை நம்பி அவளை மணக்கச் சம்மதித்தவன், அவளுக்குத் தம்பி பிறந்ததும் பின்வாங்குகிறான். பிறகு விபத்தில் படுத்த அவனுக்கு அவளே பணிவிடை செய்ய, மனம் மாறிக் கேட்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். தடுப்பது எப்போதும் ஊரும் உறவும்தானா என்ற கேள்விக்கு இது பதில். வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு இருந்தால் காதல் கதை எங்கே போய் நிற்கும் என்று ஒரு வெகுஜன நாவல் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம்: கைபேசி வந்துவிட்டது, பெங்களூர் பக்கத்திலேயே இருக்கிறது, பஸ் ஏறினால் ஊரின் பிடி விட்டுப்போகும், இனி எதற்குச் சிறுநகரக் கதை? பிடி அவ்வளவு எளிதில் விடுவதில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். வேறு மதத்தவரை மதம் மாறாமல் மணந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அதுதான் வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்தபின் அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி, முப்பது நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்க வேண்டும். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அங்குள்ள திருமண அதிகாரிக்கும் ஒரு பிரதி போகும்; அவரும் ஒட்டுவார். பெங்களூரில் மணக்க நினைக்கும் ஜோடியின் பெயரை அவர்கள் விட்டுவந்த ஊரிலேயே அறிவிக்கிற ஏற்பாடு இது. அறிவிப்பை ஒட்டுவதா என்பதை மணமக்களின் விருப்பத்துக்கு விட வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. சட்டத்தின் வாசகம் அப்படியேதான் இருக்கிறது. சட்டத்தின் வழி கூடத் திறந்திராதவர்களும் உண்டு. சண்டூரில் பிறந்து பெங்களூரில் மென்பொருள் துறையில் வேலை பார்த்த வசுதேந்திரா 2013இல் வெளியிட்ட ‘மோகனசுவாமி’ கதைகளில், ஆணை நேசிக்கும் நாயகன் ஒரே வீட்டில் தன்னோடு வாழ்ந்தவனை ஒரு பெண்ணுக்கு மணமகனாக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நகரம் வீட்டை வாடகைக்குக் கொடுத்தது. கல்யாண வயது வந்ததும் குடும்பம் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அப்படியானால் சோகமாக முடிந்தால்தான் நல்ல நாவலா என்று மாத நாவல்களை விரும்பிப் படிப்பவர்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. இன்ப முடிவில் எனக்குக் குறை இல்லை. இருவர் சேர்ந்து வாழ்வதைப் படிக்க ஆசைப்படுவது நல்ல ஆசை. குறை எங்கே என்றால், எஸ்டேட்டும் காரும் உள்ள கதாநாயகன் ஒரே அத்தியாயத்தில் ஊரை வாயடைக்கச் செய்துவிடும் இடத்தில். ஊர் எப்படிச் சம்மதித்தது, யார் முதலில் வீட்டுக்கு வந்து காபி குடித்தார்கள், யார் கடைசிவரை வரவில்லை, வாடகைக்கு வீடு கேட்டபோது என்ன சொன்னார்கள் என்பதை எழுதிவிட்டுச் சேர்த்துவைக்கட்டும். அந்த விவரங்களில்தான் மகிழ்ச்சி நம்பத்தக்கதாகிறது.

அப்படி எழுத இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் கோலார் தங்கவயல் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது அங்கே பலருடைய வாழ்க்கையாகிவிட்டது. பகலில் யாரும் அறியாத நகரம், இரவில் எல்லோரும் அறிந்த லைன் வீடு, நடுவே ஒரே பெட்டியில் தினமும் சில மணி நேரம். சந்திக்க இடம் இருக்கிறது. சேர்ந்து வாழ இடம் இருக்கிறதா என்று அந்த ரயிலில் போகிறவர்களுக்குத்தான் தெரியும். தமிழில் அதை அவர்களில் ஒருவர் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.