விழப்போகும் பல் என்று விட்டுவிடலாமா?

எப்படியும் விழப்போகிற பல்தானே என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருப்பதனால், குழந்தையின் பால் பற்களில் சொத்தை விழுந்தாலும், வலி பொறுக்காமல் இரவெல்லாம் அது அழும் வரையில் பெரியவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆறாம் மாதத்தையொட்டி முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் நிறைந்துவிடும் அந்த 20 பற்களில், கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. அவற்றை அகாலத்தில் பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் சாய்ந்து அவ்விடத்தை ஆக்கிரமித்து, பின்னால் வரவேண்டிய நிலைப் பல்லுக்கு வழியில்லாமற் செய்துவிடுகின்றன.

பல்லைப் புழு அரிக்கிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. பெர்லின் நகரில் ஆராய்ந்துவந்த அமெரிக்கப் பல் வைத்தியரான மில்லர், 1890இல் வெளியிட்ட நூலில், வாயில் வாழும் கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் புளிக்கச் செய்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். அவ்வாறு கரைந்ததை ஈடு செய்யும் சக்தியும் வாயிலேயே இருக்கிறது. உமிழ்நீரானது அரை மணி, ஒரு மணி நேரத்தில் அமிலத்தைத் தணித்து, இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் எனாமலில் மீண்டும் படியவைக்கிறது. அதற்கு அவகாசம் கொடுக்காமல் மேலும் மேலும் இனிப்பைத் தருவதே நாம் செய்யும் பெரும் பிழை.

ஸ்வீடன் தேசத்தில் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான வீபேஹோல்ம் என்ற விடுதியில் 1940களில் தொடங்கிய பரிசோதனை இதை ஐயமற நிரூபித்தது. சம்மதம் தெரிவிக்கவும் இயலாத நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாய்களைத் தந்து அவர்கள் பற்களைச் சிதையவிட்ட அச்செயல் தர்மத்துக்குப் பொருந்தாதது என்பதைச் சொல்லாமல் அதன் முடிவைச் சொல்வது முறையன்று. சாப்பாட்டோடு உண்ட சர்க்கரையால் விளைந்த கேடு சொற்பம், சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் பல்லில் ஒட்டிக்கொண்ட மிட்டாயால் விளைந்த கேடு மிகப் பெரிது என்பதே 1954இல் வெளியான அம்முடிவு. உறக்கத்திலோ உமிழ்நீர் ஊறுவதே மிகக் குறைந்துவிடுகிறது. ஆகவே சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கச் செய்யும் வழக்கத்தைப்போல் பால் பற்களுக்குச் சத்துரு வேறில்லை. கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக் காப்பதால் மேல்வரிசை முன்பற்களே முதலில் கெடுகின்றன. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால், ஈறையொட்டிச் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு கோடு தென்படும். குழி விழாத அந்த நிலையில் வியாதியைத் திருப்பிவிட முடியும்.

அதற்குத் துணை புளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் இப்பெயரைக் கேட்டு அஞ்சினால் அதில் வியப்பில்லை. அங்கே நிலத்தடி நீரில் மிகுந்த புளோரைடு பற்களைக் கறைப்படுத்தி எலும்பையும் வருத்தியதனால்தான் ஓகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இதே கறையை ஆராய்ந்த மக்கே என்ற வைத்தியர், கறைபட்ட பற்களில் சொத்தை அரிது என்று கண்டார். குடிநீரிலிருந்த புளோரைடே காரணம் என்பது 1931இல் புலனாயிற்று. அளவே இங்கு பிரதானம். பத்து லட்சம் பங்கில் 1,000 பங்கு புளோரைடு உள்ள பற்பசையை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் இட்டு, காலையிலும் படுக்குமுன்னும் தாயோ தகப்பனோ தாமே துலக்கிவிட வேண்டும். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர்விட்டுக் கொப்பளிப்பது மருந்தைக் கழுவிவிடும்.

குழி விழுந்த பின்னும் மனம் தளர வேண்டியதில்லை. ஜப்பானில் பிறந்த சில்வர் டைஅமைன் புளோரைடு என்னும் திரவத்தைத் தொட்டுத் தடவினால், குடையாமலும் ஊசியில்லாமலும் பெரும்பாலான சொத்தைகள் மேலே பரவாமல் நிற்கின்றன. தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோர் முன்பே அறிந்திருக்க வேண்டும். துன்பமின்றி உண்ணும் குழந்தைக்கு அந்தக் கறுப்பு ஒரு குறையன்று என்பது என் அபிப்பிராயம். நரம்பு வரை சென்றுவிட்ட சொத்தைக்கு மட்டும் வேறு சிகிச்சை வேண்டும்.

ஏறக்குறைய ஆறாம் வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால் பல்லென்று எண்ணி அலட்சியம் செய்பவர் அநேகர். அதுவோ ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப் பல், அதன் பள்ளங்களில் உணவு எளிதில் தங்கும். உங்கள் குழந்தைக்கு ஆறு வயது நிறைந்திருந்தால் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்று, அப்பள்ளங்களை மூடும் பூச்சைப் போடும்படி கேளுங்கள்.