உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குள் ஓடும் நீர்

ஒரே கனஅளவுள்ள காற்றைவிட நீர், அதே அளவு சூடேற, ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை உள்வாங்கும். நீர்க்குளிர்விப்புக் கணினியில் செயலியின் சூட்டை நீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது.

குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது, உப்பு படியும். காய்ச்சி வடித்த நீரில் பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்திருக்க வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் சேர்ந்தால் மின்வேதி வினையால் அலுமினியம் அரிபடும். மருந்து அதைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் தடுக்காது.

அடைப்பு முதலில் விழும் இடம், செயலிமேல் அமரும் செம்புத் தகடு. அதைத் திறந்தால் சீப்புப் பற்கள்போல நெருங்கிய வரிகள். இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மென்குழாயிலிருந்து கசியும் நெகிழ்வூட்டி அங்கே வெள்ளைப் பசையாக அப்பிக்கொள்ளும். மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும்.

பொதுவாக ஆண்டுக்கொரு முறை திரவத்தை மாற்றுவது நல்லது. புதிதாக நிரப்பும்போது பம்ப் வறண்டு ஓடவே கூடாது. அதன் தாங்கிக்கு உராய்வுநீக்கியே அந்தத் திரவம்தான். பிறகு பம்புக்கு மட்டும் மின்சாரம் தந்து, இணைப்புகளின் அடியில் டிஷ்யூ தாளை விரித்துச் சில மணி நேரம் ஓடவிட வேண்டும். தாளில் ஈரப்புள்ளி தென்படாவிட்டால் மற்ற பாகங்களுக்கும் மின்சாரம் தரலாம்.