மோட்டார்ஹோம் டீசல் எந்திரத் தொடக்கக் கோளாறு

மோட்டார்ஹோம் டீசல் எந்திரத் தொடக்கக் கோளாறு என்பது, வசிப்பிடமாகவும் வாகனமாகவும் ஒருசேரப் பயன்படும் மோட்டார்ஹோம் எனும் ஊர்தியின் டீசல் எந்திரம், சாவியைத் திருப்பியபின்னும் இயங்கத் தொடங்காத நிலையைக் குறிக்கும். இவ்வூர்திகள் ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆசுத்திரேலியா ஆகிய இடங்களில் பரவலாகப் பயன்படுகின்றன. பழுதுபார்க்கும் நிலையங்களிலிருந்து வெகுதொலைவில் இவை நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே எந்திரம் தொடங்காதபோது பயணிகள் வாகனத்தோடு வீட்டையும் சேர்த்து நடுவழியில் நிற்க நேரிடுகிறது. முறையாகச் சோதிக்காமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பெருஞ்செலவில் முடியும். பல நேரங்களில் கோளாறு விலையுயர்ந்த பம்பில் அன்றி, துருப்பிடித்த ஒரு கம்பி முனையிலோ காற்றுக் கசியும் ஒரு குழாயிலோ இருக்கும்.

அடிப்படை

பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி தேவைப்படுகிறது. டீசல் எந்திரத்தில் தீப்பொறிக்கட்டை இல்லை. உருளைக்குள் காற்று ஏறத்தாழ 14 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்படுவதால் அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அவ்வெப்பக் காற்றில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் உருவாக்கிய எந்திரம் 1897 இல் செருமனியின் ஆக்சுபர்க்கில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது முதல் இக்கோட்பாடு மாறவில்லை.

இதன்படி டீசல் எந்திரம் தொடங்க மூன்று மட்டுமே தேவை:

* போதிய வேகத்துடன் கூடிய சுழற்சி
* உரிய அழுத்தத்தில் எரிபொருள்
* தடையற்ற காற்று

இவற்றுள் முதலாவது அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எந்திரம் மெதுவாகச் சுழன்றால், அழுத்தப்பட்ட காற்று பிசுட்டன் வளையங்களின் வழியே கசிகிறது. அதன் வெப்பமும் உருளைச் சுவருக்குச் சென்றுவிடுகிறது. எனவே எந்திரம் சுழல்வதனாலேயே பேட்டரி நன்றாக உள்ளது என்று முடிவு செய்ய இயலாது.

மோட்டார்ஹோமின் தனித்தன்மைகள்

சரக்குந்தின் எந்திரமே பெரும்பாலும் மோட்டார்ஹோமிலும் பொருத்தப்படுகிறது. எனினும் இரண்டும் பயன்படும் முறை வேறு. சரக்குந்து நாள்தோறும் ஓடும். மோட்டார்ஹோம் மாதக்கணக்கில் நிற்கும். நிற்கும் காலத்தில் பேட்டரி மின்னிறக்கம் அடைகிறது, டீசலில் நீர் சேர்கிறது, கம்பி முனைகள் அரிக்கப்படுகின்றன.

இவ்வூர்திகளில் இருவகைப் பேட்டரிகள் உள்ளன. ஒரு தொகுதி எந்திரத்திற்கும், மற்றொன்று விளக்கு, நீர்ப் பம்பு முதலிய வீட்டுப் பயன்பாட்டிற்கும் உரியது. வீட்டு விளக்குகள் ஒளிர்வது எந்திரப் பேட்டரியின் நலத்தைக் காட்டாது. பல ஊர்திகளில் இரு தொகுதிகளையும் தற்காலிகமாக இணைக்கும் அவசரப் பொத்தான் ஒன்று ஓட்டுநர் இருக்கையருகே அமைந்திருக்கும். அதை அழுத்தியவுடன் எந்திரம் நன்கு சுழன்றால், எந்திரப் பேட்டரியோ அதன் இணைப்போ பழுது என்பது அங்கேயே தெளிவாகிறது.

எந்திரம் பின்புறம் அமைந்த பெரிய ஊர்திகளில் டீசல் தொட்டி முன்பகுதியில் அமைவதுண்டு. இவற்றில் எரிபொருள் நீண்ட குழாய் வழியே உறிஞ்சப்பட வேண்டியுள்ளது.

எந்திரம் சுழலாத நிலை

சாவியைத் திருப்பும்போது ஓசையே எழாவிட்டால், முதலில் கியர் நெம்புகோலைப் பார்க்க வேண்டும். அலிசன் தானியங்கிப் பற்சக்கரப்பெட்டி உடைய பல ஊர்திகள் நியூட்ரல் நிலையில் மட்டுமே தொடங்கும். அடுத்து பேட்டரித் துண்டிப்பான், ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

'டிக்' என்ற ஓசை மட்டும் எழுந்தால், மின்னழுத்தத்தை அளப்பது பயன் தரும். முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட்டு ஈய அமிலப் பேட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். 12.2 வோல்ட்டு எனில் ஏறத்தாழப் பாதி மின்னேற்றமே எஞ்சியுள்ளது. சுழற்றும்போது இது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி வலுவிழந்துள்ளது எனக் கருதலாம். பேட்டரியில் மின்னழுத்தம் நன்றாக இருந்து, செல்ஃப் மோட்டாரின் முனையில் மிகக் குறைவாக இருந்தால், இடையிலுள்ள கம்பியோ புவியிணைப்போ பழுதாகும்.

செல்ஃப் மோட்டார் ஒருமுறை இடித்து நின்றுவிடுமாயின், உருளைக்குள் நீரோ குளிர்விப்பு நீர்மமோ புகுந்திருக்கக்கூடும். அந்நிலையில் மீண்டும் மீண்டும் முயல்வது இணைப்புத் தண்டை வளைத்துவிடும்.

சுழன்றும் தொடங்காத நிலை

இந்நிலையில் முதற்சான்று புகைபோக்கியில் கிடைக்கிறது. சுழற்றும்போது வெண்புகை வெளிவந்தால், டீசல் உருளையை அடைகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். குறைந்த சுழல்வேகம், குளிர், முன்சூடாக்கியின் பழுது ஆகியன இதற்குக் காரணமாகலாம். புகையே இல்லையெனில் டீசல் உருளையை அடையவில்லை. கரும்புகை காற்றுப் பற்றாக்குறையைச் சுட்டும். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம்.

புகை இல்லாதபோது தொட்டியிலிருந்து எந்திரம் நோக்கி வரிசையாகச் சோதிப்பது வழக்கம். எரிபொருள் காட்டியை முழுதும் நம்பலாகாது. பல ஊர்திகளில் மின்னாக்கியும் அதே தொட்டியிலிருந்து டீசலைப் பெறுகிறது. ஆனால் அதன் உறிஞ்சுகுழாய் குட்டையாக இருப்பதால், தொட்டியில் ஏறத்தாழக் கால் பங்கு எஞ்சும்போதே அது நின்றுவிடும். பயணியர் ஊர் திரும்பப் போதிய டீசல் எஞ்ச வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம். மின்னாக்கி சீராக ஓடினால், தொட்டியில் டீசல் உள்ளது என்பதும் அது பெருமளவு கெடவில்லை என்பதும் உறுதியாகின்றன.

உறிஞ்சுகுழாயில் நுண்ணிய விரிசல் இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. மாறாகக் காற்று உள்ளே புகும். இரவு முழுதும் நின்ற வண்டியில் டீசல் தொட்டிக்கே திரும்பி வடிந்துவிட, காலையில் பம்பு காற்றை மட்டுமே உறிஞ்சும். பட்டறை வழக்கில் இது 'ஏர் லாக்' எனப்படும்.

நீர் டீசலைவிட அடர்த்தி மிக்கது. எனவே அது தொட்டியின் அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் வளரும் நுண்ணுயிர்கள் கரிய கசடை உருவாக்கி வடிகட்டியை அடைக்கின்றன. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைவதும் இதே விளைவைத் தரும். வெப்பமான மாநிலத்தில் நிரப்பிய டீசலுடன் பனிமலைப் பகுதிக்குச் செல்வோர் இதனை எதிர்கொள்கின்றனர். உறைவுத் தடுப்பான்களை மெழுகு உருவாகும் முன்னரே சேர்க்க வேண்டும்.

உட்செலுத்து முறைகளின் வேறுபாடுகள்

* இயந்திரமுறைப் பம்பு: கம்மின்சு 6பிடி போன்ற பழைய எந்திரங்களில் உள்ளது. எரிபொருளை நிறுத்தும் சோலனாய்டு மூடிய நிலையில் சிக்கினால் எந்திரம் புகையின்றிச் சுழலும்.
* மின்னணுச் சுழல் பம்பு: 1998 இல் அறிமுகமான கம்மின்சு ஐஎஸ்பி எந்திரத்தின் விபி44 பம்பு இவ்வகையது. இது டீசலாலேயே குளிர்விக்கப்பட்டு மசகிடப்படுகிறது. ஆகவே விலை குறைந்த ஃபீட் பம்பின் பழுது, விலை மிகுந்த முதன்மைப் பம்பையும் அழிக்கக்கூடும்.
* எண்ணெய் அழுத்த முறை: ஃபோர்டு ஊர்திகளில் 2003 வரை இடம்பெற்ற 7.3 லிட்டர் பவர் இசுட்ரோக் எந்திரத்தில் உள்ளது. இதில் எந்திர எண்ணெயின் அழுத்தமே இன்செக்டரை இயக்குகிறது. டீசல் இருந்தும் எண்ணெய் குறைந்தால் எந்திரம் தொடங்காது.
* காமன் ரயில்: தொடங்குவதற்கே சில நூறு பார் அழுத்தம் தேவை. ஒரே ஒரு இன்செக்டரின் மிகுதியான கசிவும் அவ்வழுத்தம் உருவாவதைத் தடுக்கும்.

பாதுகாப்பு

காற்றுத் தொங்கலமைப்பு உடைய ஊர்தி, காற்றழுத்தம் குறையும்போது திடீரெனத் தாழும். உறுதியான தாங்கிகள் இன்றி அதன் அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்தானது. காமன் ரயில் குழாயை எந்திரம் சுழலும்போது தளர்த்தக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுள் புகும். அத்தகைய காயம் சிறு புள்ளியாகத் தோன்றினாலும் உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படுவதாகும். முன்சூடாக்கி உள்ள எந்திரத்தில் ஈதர் தெளிப்பது வெடிப்பை உண்டாக்கலாம். செல்ஃப் மோட்டாரை ஒரு முறைக்கு 30 நொடிகளுக்கு மேல் இயக்காமல், இடையே 2 நிமிடங்கள் ஆறவிடுவது நல்லது. தானியங்கிப் பற்சக்கரப்பெட்டி உள்ள ஊர்தியைத் தள்ளித் தொடங்க இயலாது.

தடுப்பு முறைகள்

நீண்டநாள் நிறுத்தும் முன் தொட்டியை நிரப்பி வைத்தால், வெற்றிடத்தில் ஈரம் படிவது குறையும். வடிகட்டியின் அடியில் சேரும் நீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். பேட்டரி முனைகளைத் தூய்மை செய்தலும், மின்னேற்றத்தைப் பேணுதலும், மாற்று வடிகட்டி ஒன்றை ஊர்தியிலேயே வைத்திருத்தலும் நடுவழியில் நிற்கும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கின்றன.

இவற்றையும் பார்க்க

* டீசல் எந்திரம்
* உள் எரி பொறி
* ஈய அமில மின்கலம்
* ருடால்ஃப் டீசல்