தொழுநோய்: வினைக்கோட்பாடும் நோயெதிர்ப்பு அறிவியலும்

முன்னுரை

தமிழிலக்கியம் தொழுநோயை உடற்பிணியாக மட்டும் காணவில்லை. முற்பிறப்பில் நண்டின் காலை ஒடித்துத் தின்றவர் மறுபிறப்பில் விரல் அழுகி இந்நோய்க்கு ஆளாவர் என்கிறது நாலடியாரின் தீவினையச்ச அதிகாரம். கடலூர் மாவட்டத் திருவாமூரில் தோன்றிய திருநாவுக்கரசரோ, உறுப்புக் குறைந்த தொழுநோயரும் சிவனடியாராயின் தாம் வணங்கும் கடவுளரே எனத் தனித்திருத்தாண்டகத்தில் பாடுகிறார். உமாபதி சிவாசாரியாரின் கோயிற்புராணத்தில், மேனி நோயுற்ற சிங்கவன்மன் சிதம்பரம் சிவகங்கைத் தீர்த்தத்தில் மூழ்கி இரணியவன்மனாக எழுகிறான். அந்நோயைத் தொழுநோயாகக் கொள்வாரும் உளர். தண்டனை, வணக்கம், மீட்சி என்னும் இம்மூன்று நோக்குகளுக்கும் அடியில் ஒரு வினா உள்ளது: ஒருவரைப் பற்றும் நோய் அருகிருப்பவரை ஏன் பற்றுவதில்லை? இவ்வினாவிற்கு ஆய்வுக்கூட விலங்குகள்வழிக் கிடைத்த விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

விலங்குகள் உணர்த்தியவை

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்தார். எனினும், செயற்கை ஊடகத்தில் அதனை வளர்க்க இயலவில்லை. 1960இல் ஷெப்பர்டு, எலியின் பாதத்தில் அதனை வளர்த்துக் காட்டினார். சில ஆயிரம் கிருமிகளைச் செலுத்தினால் அவை ஏறத்தாழ ஆறு மாதங்களில் பத்து இலட்சம் அளவிற்குப் பெருகி, பின்னர் நின்றுவிடுகின்றன. எலியின் நோயெதிர்ப்பே அவ்வெல்லையை வகுக்கிறது. 1966இல் ரீஸ், தைமஸ் சுரப்பியை அகற்றிக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய எலிகளில் அவ்வெல்லை தகர்வதையும் கிருமிகள் பன்மடங்கு பெருகுவதையும் காட்டினார். கிருமி ஒன்றே, வேறுபட்டது உடலின் எதிர்ப்பாற்றல். உடல் வெப்பம் குறைந்த ஆர்மடில்லோ என்னும் விலங்கில் நோய் உடலெங்கும் பரவுவது 1971இல் புலனாயிற்று.

மனித உடலில்

மனிதரிடத்தும் இதுவே நிகழ்கிறது. டி செல்கள்வழி அமையும் எதிர்ப்பு வலிதாயின் கிருமிகள் மிகச் சிலவாகவும் படைகள் ஓரிரண்டாகவும் நின்றுவிடும். அவ்வெதிர்ப்பு மெலிதாயின் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகும். அந்நிலையில் குருதியில் எதிர்ப்பொருள்கள் மிகுதியாக இருப்பினும் அவை காப்பதில்லை. பெரும்பான்மையோர்க்கு இயல்பான எதிர்ப்பே போதுமாதலின் நோய் தோன்றுவதேயில்லை.

கிருமியை எதிர்க்கும் செயலே நரம்புகளையும் சிதைப்பதுண்டு. உணர்விழந்த கை, சூட்டையும் காயத்தையும் அறியாது. மீண்டும் மீண்டும் புண்பட்டு விரல் தேய்கிறது. நாலடியார் கண்ட விரலழிவு உண்மைக் காட்சியே. அதற்குக் கூறப்பட்ட காரணமே வேறு.

எதிர்ப்பாற்றலை வளர்க்கவும் இயலும். செங்கல்பட்டுப் பகுதியில் நிகழ்ந்து 1998இல் முடிவு வெளியான தடுப்பூசி ஆய்வில், பி.சி.ஜி. மட்டும் 34.1 விழுக்காடும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமிகளுடன் சேர்ந்த பி.சி.ஜி. 64 விழுக்காடும் பாதுகாப்பளித்தன. ஊசியால் மாற்றத்தக்க ஒன்றை ஊழ் எனல் பொருந்தாது.

முடிவுரை

தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் இந்தியாவில் 2019இல்தான் நீக்கப்பட்டன. நிறமி இழப்பால் வரும் வெண்புள்ளிகளை 'வெண்குட்டம்' என்றழைக்கும் வழக்கு, தொழுநோய் அல்லாதவரையும் அப்பழிக்கு உட்படுத்துகிறது. ஆதலின், பழம்பாடல்களுக்கு உரை காண்போர் நோயின் காட்சியையும் அதற்கு ஏற்றப்பட்ட வினைக்காரணத்தையும் பிரித்துரைத்தல் வேண்டும். நோயரை விலக்காது வணங்கிய அப்பரின் நோக்கும், பழியை வினையினின்று விலக்கிய ஆய்வுக்கூட விடையும் இவ்விடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.